அன்னாசியும் தயிரும் ஏன் கசந்தன? வீட்டில் செய்யும் பழ டிரெஸ்ஸிங்கும் ஒரு சைவ சாலட்டும்

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் இரவில் சாலட் கேட்கிறாள். சாலட் மேல் ஊற்றிக் கலக்கக் கடையில் வாங்கிய டிரெஸ்ஸிங் பாட்டிலில் முட்டையும் நிறைய சர்க்கரையும் போட்டிருந்தது. இவர்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. அதனால் அன்னாசிப்பழத்தைத் தயிரோடு மிக்ஸியில் அடித்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். மறுநாள் வாயில் வைக்க முடியாத கசப்பு. அடுத்த வாரம் மாம்பழத்தில் செய்தார். கசக்கவில்லை. ஆனால் வெள்ளரிக்காயில் ஊற்றிய பத்து நிமிடத்தில் எல்லாம் நீர்த்துப்போய்க் கிண்ணத்தின் அடியில் நின்றுவிட்டது. எங்கே தவறு, நம் ஊரில் கிடைப்பதை வைத்தே இதை ஒழுங்காகச் செய்ய வழி உண்டா என்று கேட்கிறார்.

உண்டு, நன்றாகவே உண்டு. மனையியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இந்த இரண்டு கோளாறையும் மாணவிகள் எத்தனையோ தடவை செய்து பார்த்திருக்கிறேன், என் வீட்டுச் சமையலறையிலும் நடந்திருக்கிறது. இரண்டுக்கும் தெளிவான காரணம் இருக்கிறது. அது புரிந்துவிட்டால் எந்தப் பழம் கையில் கிடைத்தாலும் நீங்களே டிரெஸ்ஸிங் செய்துகொள்ளலாம்.

முதலில் கசப்பு. வேகவைக்காத அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுவதுதான் அதன் வேலை. அன்னாசி நிறையச் சாப்பிட்டால் நாக்கு அரிப்பதற்கும் அதற்கு ஒரு பங்கு உண்டு. தயிரோடு சேர்த்தால் தயிரில் உள்ள பால் புரதத்தை வெட்ட ஆரம்பிக்கும். அப்படி வெட்டுப்பட்ட சிறு துண்டுகளில் சில கசக்கும். அடித்த உடனே சாப்பிட்டால் அவ்வளவாகத் தெரியாது, நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும். நீங்கள் இரவு முழுக்க வைத்ததால் நொதிக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிட்டது. ஃபிரிட்ஜின் குளிர் அதை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. தயிர் கெட்டுவிட்டதோ என்று நினைத்திருப்பீர்கள். தயிர் மேல் குற்றமே இல்லை.

இதற்கு வழி சூடுதான். அன்னாசித் துண்டுகளைக் கால் டம்ளர் தண்ணீர் விட்டு ஐந்தாறு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, நன்றாக ஆறியபின் தயிரோடு அடியுங்கள். கொதியில் அந்த நொதி செயலிழந்துவிடும். கல்யாணப் பந்தியில் போடும் அன்னாசிப் பச்சடியில் பழத்தை வேகவைத்த பிறகுதானே தயிர் சேர்க்கிறார்கள்? அது கசப்பதே இல்லை. வேகவைக்க மனமில்லை என்றால் தயிரை விட்டுவிட்டு எண்ணெயும் எலுமிச்சையும் மட்டும் சேர்த்துப் பச்சை அன்னாசியில் செய்யலாம், அதுவும் நன்றாக இருக்கும். பப்பாளிக்காயிலும் கிவியிலும் இதே மாதிரி நொதிகள் உண்டு, அவற்றையும் பச்சையாகத் தயிரோடு சேர்த்து வைக்காதீர்கள். மாம்பழம், கொய்யா, மாதுளை, ஆரஞ்சு, திராட்சை இவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது தண்ணீர் விட்டுக்கொள்வது. இதுதான் பெரிய விஷயம், இங்கேதான் பாதிப் பேர் சாலட்டே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். உப்பு பட்டவுடன் அந்தத் தண்ணீர் வெளியே இழுக்கப்படும். ஊறுகாய்க்கு மாங்காயில் உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் ஜாடியில் நீர் விடுமே, அதே கதைதான். பழ டிரெஸ்ஸிங்கில் உப்போடு சர்க்கரையும் இருப்பதால் இழுப்பு இன்னும் அதிகம். காயைக் கழுவிய ஈரம் துடைக்காமல் இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஈரமான காயில் டிரெஸ்ஸிங் ஒட்டவே ஒட்டாது, வழுக்கிக் கீழே போய்விடும்.

அதனால் தண்ணீர் எப்படியும் வரப்போகிறது என்று வைத்துக்கொண்டு, அதை முன்னாலேயே வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டு வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்குங்கள். விதை முற்றியிருந்தால் ஸ்பூனால் வழித்து எடுத்துவிடுங்கள். அரை டீஸ்பூன் உப்பைத் தூவிப் பிசறி, வடிதட்டில் போட்டுப் பதினைந்து இருபது நிமிடம் வையுங்கள். அப்புறம் ஒரு மெல்லிய துண்டில் போட்டு லேசாக அழுத்தி எடுங்கள். கிழியப் பிழிய வேண்டாம். வடிந்த நீரை மோரில் கலந்து குடித்துவிடலாம், வேலூர் வெயிலுக்கு அதுவும் நல்லது. காயில் உப்பு ஏறியிருப்பதால் டிரெஸ்ஸிங்கில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். தக்காளிக்கும் இதே மாதிரி செய்யலாம். பிஞ்சு வெள்ளரியாக இருந்தால் இவ்வளவு பாடு தேவையில்லை, நறுக்கி உடனே பரிமாறிவிடலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் மாம்பழ டிரெஸ்ஸிங்கில் எண்ணெயே சேர்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எடை கூடுமோ என்ற பயத்தில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எண்ணெய் இல்லாவிட்டால் அது வெறும் பழச்சாறு. எண்ணெய் காயின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து சுவையைப் பிடித்துவைக்கும், உப்பு நேராகப் போய்த் தாக்குவதையும் கொஞ்சம் தடுக்கும். தவிர, மாம்பழத்திலும் கேரட்டிலும் இருக்கும் கரோட்டீன் உடம்பில் ஒட்டுவதற்குக் கொழுப்பு வேண்டும். நான்கு பேருக்கான சாலட்டில் இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சேர்த்தால் ஆளுக்கு அரை டேபிள்ஸ்பூன், கிட்டத்தட்ட அறுபது கலோரி. வளரும் பிள்ளைக்கு அதைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

சரி, டிரெஸ்ஸிங்குக்கு வருவோம். வெளிநாட்டு முறையில் சாதாரண டிரெஸ்ஸிங் என்றால் மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர். பழத்தில் செய்யும்போது அவ்வளவு எண்ணெய் வேண்டாம், ஏனென்றால் பழக்கூழே கெட்டித்தன்மை தருகிறது. நான் பல தடவை செய்து பார்த்துப் பிடித்துவைத்திருக்கும் அளவு இது: பழக்கூழ் ஐந்து பங்கு, எண்ணெய் ஒரு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு. பழம் புளிப்பாக இருந்தால் எலுமிச்சையைப் பாதியாக்குங்கள்.

எண்ணெயும் பழச்சாறும் பிரியாமல் இருக்கக் கடுகு வேண்டும். பாட்டிலில் முட்டை செய்கிற வேலையை இங்கே கடுகு செய்யும். நம் வீடுகளில் கடுகு அரைத்துவிட்ட பச்சடி தெரியாதவர்கள் இல்லை, அதே கைப்பக்குவம்தான். அரை டீஸ்பூன் கடுகைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு அம்மியிலோ சின்ன உரலிலோ மைய அரைத்துப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். கடுகின் காரம் தண்ணீர் பட்டு அரைபட்ட பிறகுதான் உண்டாகிறது. உடனே எலுமிச்சை பிழிந்தால் அந்தக் காரம் முழுதாக எழும்பாது, வெந்நீர் விட்டாலும் எழும்பாது. பத்து நிமிடம் பொறுத்து எலுமிச்சை சேர்த்தால் காரம் அந்த நிலையிலேயே நிற்கும்.

எண்ணெய் எது என்றால், நம் வடாற்காட்டு மண்ணில் விளையும் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயைத்தான் சொல்வேன். பச்சையாக ஊற்றும்போது அதன் வாசனை மாம்பழத்தோடும் கொய்யாவோடும் அப்படிச் சேரும். நல்லெண்ணெய் கனமானது, ஒரு டீஸ்பூனுக்கு மேல் போனால் பழத்தின் வாசனையை அமுக்கிவிடும். ஆலிவ் எண்ணெய்தான் வேண்டும் என்றால் மிக்ஸியில் போட்டு அடிக்காதீர்கள். முதல் தர ஆலிவ் எண்ணெயைப் பிளேடில் வேகமாக அடித்தால் கசப்பு வெளியே வரும். பழத்தை அடித்து முடித்த பிறகு கையால் கலக்கிக்கொள்ளலாம். சிஎம்சி மருத்துவமனைப் பக்கம் வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக நடக்கும் மளிகைக் கடைகளில் கடுகு எண்ணெய் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு டீஸ்பூன் கலந்தால் அன்னாசி டிரெஸ்ஸிங் நன்றாக எடுப்பாக இருக்கும். பிள்ளைகளுக்கு முதல் தடவை கொடுக்கும்போது குறைவாகச் சேர்த்துப் பாருங்கள்.

மாம்பழ டிரெஸ்ஸிங், நான்கு பேருக்கு. நடுத்தர அளவில் ஒரு பழம், சதை மட்டும் 150 கிராம் அளவு தேறும். கூடவே எலுமிச்சைச் சாறு இரண்டு டேபிள்ஸ்பூன், எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், அரைத்த கடுகு, கால் டீஸ்பூன் உப்பு, விதை நீக்கிய பாதிப் பச்சைமிளகாய், நகத்தளவு இஞ்சி, வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு சிட்டிகை. எண்ணெயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் மைய அடித்துக்கொள்ளுங்கள். பிறகு மிக்ஸியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, மேல் மூடித் துவாரம் வழியாக எண்ணெயை நூல் மாதிரி விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் சேராது. தோசை மாவுப் பதம் வந்தால் நிறுத்திவிடலாம். கெட்டியாக இருந்தால் தண்ணீர் விடாதீர்கள், ஆரஞ்சுச் சாறோ இளநீரோ ஒரு ஸ்பூன் விடுங்கள்.

எந்த மாம்பழம் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. குடியாத்தம், பேரணாம்பட்டு, எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் சீசனில் நமக்குப் பழம் வந்து குவிகிறது. எல்லோரும் பங்கனபள்ளியைத்தான் எடுப்பார்கள், அதில் நார் இல்லை, நிறமும் நன்றாக வரும். ஆனால் டிரெஸ்ஸிங்குக்கு அதைவிடப் பெங்களூராதான் மேல். கிளிமூக்கு மாங்காய் என்போமே, அதுவே நன்றாகப் பழுத்தது. அப்படியே சாப்பிட்டால் கொஞ்சம் சப்பென்று இருக்கும், அதனால்தான் விலையும் குறைவு. அந்த அளவான இனிப்பும் லேசான புளிப்பும் கெட்டிச் சதையும் காயோடு சேரும்போது சரியாக அமைகிறது. மல்கோவாவை மிக்ஸியில் போட்டு வீணாக்காதீர்கள், அதை அறுத்துச் சாப்பிடுங்கள். ஆனி மாதத்தில் நீலம் வந்துவிடும், அதன் வாசனைக்காகவே ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும்.

ருசி பார்ப்பதில் ஒரு விஷயம். டிரெஸ்ஸிங்கைத் தனியாக ஸ்பூனில் எடுத்து நக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தனியாக ருசியாக இருந்தால் காயோடு சேரும்போது சப்பென்று ஆகிவிடும். ஒரு வெள்ளரித் துண்டையோ முட்டைக்கோஸ் இதழையோ தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். தனியாகப் பார்க்கும்போது புளிப்பும் காரமும் ஒரு படி தூக்கலாகத் தெரிய வேண்டும், காயோடு பார்க்கும்போது அளவாக இருக்க வேண்டும். ஒரே மரத்துப் பழத்திலேயே ஒன்று இனிக்கும், ஒன்று புளிக்கும். அதனால் நான் சொன்ன எலுமிச்சை அளவை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல் நாக்கை நம்புங்கள்.

காய்களுக்கு வருவோம். லெட்டூஸ் இல்லாமல் சாலட்டா என்று உங்கள் மகள் கேட்கலாம். நம் ஊர் வெயிலில் கடைக்கு வந்து சேரும்போதே அது பாதி வாடியிருக்கும். அதற்குக் கொடுக்கும் காசில் இரண்டு கிலோ நல்ல காய் வாங்கலாம். காலையில் நேதாஜி மார்க்கெட் போனால் முட்டைக்கோஸ், கேரட், முள்ளங்கி, நூல்கோல், வெங்காயத்தாள், புதினா, கொத்தமல்லி எல்லாம் ஈரத்தோடு கிடைக்கும். முட்டைக்கோஸை முடிந்த அளவு மெல்லியதாக நறுக்கி ஐஸ் தண்ணீரில் பதினைந்து நிமிடம் போட்டு வையுங்கள். அப்போது காய் தண்ணீரை உள்ளே வாங்கி விறைப்பாகும், கடித்தால் நறுக்கென்று இருக்கும். எடுத்து வடித்துத் துண்டில் பரப்பிக் கட்டாயம் உலர்த்துங்கள். கேரட்டைத் துருவினால் நீர் விடும், குச்சி குச்சியாக நறுக்குங்கள். பீட்ரூட் போடுவதாக இருந்தால் வேகவைத்துக் கடைசியில் மேலே வையுங்கள், கலந்தால் கிண்ணம் முழுவதும் ஒரே சிவப்பு.

இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் என்றால் வெறும் காய் போதாது, நடுராத்திரியில் பசிக்கும். உப்புப் போட்டு வேகவைத்த பச்சை மல்லாட்டை ஒரு கை, அல்லது வேகவைத்த கொண்டைக்கடலை, அல்லது பனீர் சேருங்கள். என்னைக் கேட்டால் மல்லாட்டைதான். வெந்த மல்லாட்டையும் மாங்காயும் சேர்ந்த ருசி நமக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்தது. முளைகட்டிய பாசிப்பயறு போடுவதாக இருந்தால் ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்துவிடுங்கள். பயறு முளைக்கும் அதே ஈரத்திலும் கதகதப்பிலும் கிருமிகளும் பெருகும். கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் பச்சை முளைப்பயறு வேண்டவே வேண்டாம். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி உதவும், எலுமிச்சையும் கொய்யாவும் அதைத் தாராளமாகத் தருகின்றன. அந்த வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வரும் வாய்ப்பு உண்டு என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

என் அம்மா ஸ்ரீராம நவமிக்குக் கோசம்பரி செய்வார். ஊறவைத்த பாசிப்பருப்பு, பொடியாக அரிந்த வெள்ளரி, மாங்காய்த் துருவல், தேங்காய். உப்பை மட்டும் பரிமாறும் நேரத்தில்தான் போடுவார். முன்னால் போட்டால் ‘அழும்’ என்பார். உங்கள் சாலட்டிலும் அதே விதிதான். டிரெஸ்ஸிங்கை மேஜையில் வைத்துக் கலக்குங்கள், அடுப்படியில் கலந்து எடுத்து வராதீர்கள்.

மாம்பழ சீசன் முடிந்தால் என்ன செய்வது? கொய்யா இருக்கிறது. நன்றாகப் பழுத்த சிவப்புக் கொய்யா இரண்டை நறுக்கி, அரை டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து மசித்து, விதை போக வடிகட்டுங்கள். மிக்ஸியில் நேராக அடித்தால் விதை அரைபட்டு நறநறவென்று இருக்கும். கொய்யாவில் பெக்டின் அதிகம், அதனால் கூழ் தானாகவே கெட்டிப்படும். மிளகும் கறுப்பு உப்பும் அதற்குப் பொருத்தம். வேகும்போது வைட்டமின் சி கொஞ்சம் போகும், ஆனால் கொய்யாவில் அது எலுமிச்சையைப் போலப் பல மடங்கு இருப்பதால் மிச்சமும் போதும். நாவல்பழக் காலத்தில் கொட்டை நீக்கிய சதையை வெல்லம் ஒரு சிட்டிகை சேர்த்து அடித்தால் ஊதா நிறத்தில் துவர்ப்பும் புளிப்புமாக வரும். பனீருக்கு அது பிரமாதம்.

சீத்தாப்பழத்தில் மட்டும் கவனம். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கத்துப் பழம் சாலையோரத்தில் கூடைகூடையாக வரும்போது ஆசையாக இருக்கும். அதன் விதையில் நச்சு உண்டு, ஒரு விதைகூட மிக்ஸிக்குள் போய்விடக் கூடாது. சல்லடையில் கையால் தேய்த்துத்தான் சதையை எடுக்க வேண்டும். அதைச் சூடாக்கவும் கூடாது, கசந்துவிடும். அன்னாசியை வேகவைத்தால் கசப்பு நீங்கும், சீத்தாவை வேகவைத்தால் கசப்பு வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயையும் ஒரு நாள் சேர்த்துப் பாருங்கள், பச்சையாக அல்ல. எண்ணெய் தடவி அனலில் சுட்டு, தோல் உரித்து, கையால் கிழித்துத் தட்டில் பரப்பி, மேலே கெட்டியான புளி-வெல்ல டிரெஸ்ஸிங்கும் வறுத்த மல்லாட்டைப் பொடியும் தூவுங்கள். புளியும் பழம்தானே. ஆறினாலும் ருசி குறையாது.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் பழுத்த மாம்பழத்துக்குப் பதில் செங்காயாக இருக்கும் பெங்களூராவில் செய்யுங்கள், வெல்லமும் தேனும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பழங்களில் உள்ள பொட்டாசியம் பிரச்சினை ஆகலாம், அவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

மகள் பள்ளிக்கு எடுத்துப் போக வேண்டும் என்றால் ஆழமான டப்பாவில் அடுக்கும் வரிசைதான் முக்கியம். அடியில் டிரெஸ்ஸிங், அதன் மேல் கொண்டைக்கடலை அல்லது மல்லாட்டை, அதற்கு மேல் கேரட்டும் முள்ளங்கியும், பிறகு வடித்த வெள்ளரி, உச்சியில் முட்டைக்கோஸும் புதினாவும். டப்பாவைச் சாய்க்காமல் கொண்டு போய், சாப்பிடும்போது தட்டில் கவிழ்த்தால் டிரெஸ்ஸிங் மேலே வந்து தானாகக் கலந்துகொள்ளும். தயிர் சேர்த்ததையும் பனீர் போட்டதையும் சித்திரை, வைகாசியில் டப்பாவில் கொடுத்துவிடாதீர்கள், மதியத்துக்குள் புளித்துவிடும்.

மீந்த டிரெஸ்ஸிங் கண்ணாடி பாட்டிலில், ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். தயிர் சேர்த்தது ஒரு நாள்தான். எடுக்கும்போது பிரிந்திருந்தால் மூடியைப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள், சேர்ந்துவிடும். மாம்பழக் கூழை மட்டும் சீசனில் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொண்டால், ஐப்பசி மழையிலும் வேண்டியபோது நான்கு கட்டி எடுத்து உருக்கி எலுமிச்சையும் எண்ணெயும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.